சொர்ணவல்லிக்கு என்ன பிடிக்கும்?

1944 பிப்ரவரி 1, செவ்வாய்

காலையில் பார்லிக் கஞ்சி. இரண்டு மடக்கு. மத்தியானம் குழைந்த சோறும் பருப்புத் தண்ணீரும். ஒரு வாய் வாங்கிக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டாள். நான் அடுத்த வாயை நீட்டியபோது முதல் வாயே உள்ளே போயிருக்கவில்லை. சாயங்காலம் ஜவ்வரிசி. அதைப் பார்த்ததுமே கண்ணை மூடிக்கொண்டாள்.

சொர்ணவல்லிக்கு விஷக்காய்ச்சல் விட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. போகிற காய்ச்சல் அவள் பசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

புரியாத கணக்கை நாலு விதமாகச் சொன்னால் நாலாவது விதத்தில் பையனுக்குப் புரிந்துவிடும். முப்பத்திரண்டு வருஷம் வாத்தியாராக இருந்து கற்றது அது ஒன்றுதான். அந்த நம்பிக்கையில் சமைக்கிறேன். இன்றைய ஜவ்வரிசி பதினோராவது விதம்.

பிப்ரவரி 3, வியாழன்

இன்று நாலு வாய். இல்லை, மூன்று. நாலாவதைத் துணியில் துப்பியிருக்கிறாள்.

பிப்ரவரி 6, ஞாயிறு

வண்டி கட்டிப் புதுக்கோட்டையிலிருந்து டாக்டரை அழைத்து வந்தேன். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். வாசலுக்கு வந்து மெதுவாகச் சொன்னார்:

"மருந்து முடிஞ்சிருச்சு சார். இனிமே சோறுதான் மருந்து. இப்படியே இன்னும் ரெண்டு வாரம் போச்சுன்னா என்னைக் கூப்பிட வேண்டிய வேலை இருக்காது."

பையை வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அவங்களுக்கு எது பிடிக்குமோ அதைக் குடுங்க. எதுவா இருந்தாலும் சரி. என்ன பிடிக்கும் அவங்களுக்கு?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 8, செவ்வாய்

அவளிடமே கேட்டேன். "சொர்ணம், உனக்கு என்ன பிடிக்கும்?"

"ஒங்களுக்குப் பிடிச்சதுதான்."

எனக்குப் பிடித்தது எது? பாகற்காய், வெல்லம் போடாமல். ரசத்தில் புளி குறைவாக. தயிர் அன்றைக்கு உறைந்ததாக இருக்க வேண்டும். சோறு கையைச் சுட வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூட நான் அவளுக்குச் சொன்னதில்லை. என் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

நான் சாப்பிட்டு எழுந்த பிறகு, அதே இலையில், அடுப்படியில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவாள். கலியாணமாகி முப்பத்தாறு வருஷம். அவள் சாப்பிட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. முப்பத்தாறு வருஷம் ஒரு பையனை வகுப்பில் வைத்திருந்துவிட்டு, அவன் பெயர் தெரியாது என்கிற வாத்தியாரை என்ன செய்யலாம்?

பிப்ரவரி 11, வெள்ளி

வளையல் முழங்கைக்கு ஏறுகிறது. கையைத் தொங்கவிட்டால் கழன்று விழுகிறது. அதை எடுத்து மாடத்தில் வைத்தேன்.

ஆவுடையார்கோவிலில் சுவாமிக்குச் சோற்றைப் பரப்பி அதன் ஆவியைத்தான் படைக்கிறார்கள். சொர்ணமும் இப்போது அப்படித்தான். கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனால் ஒரு மூச்சு இழுக்கிறாள். அவ்வளவுதான். சுவாமிக்கு அது போதும். இவளுக்குப் போதுமா?

இவளை அந்தச் சந்நிதியில்தான் கேட்டு வாங்கினேன். 1912இல் பிள்ளை பிறந்து அன்றே போய்விட்டது. இவளும் நினைவில்லாமல் கிடந்தாள். இவளாவது தங்கட்டும், இனி என் வீட்டில் மீனும் கறியும் வேகாது என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்தாள். அன்றிலிருந்து வேகவில்லை. வகுப்பில் நேர்மைக்கு நான் தந்த முதல் உதாரணம் அதுதான்.

இப்போது கொடுப்பதற்கு என்னிடம் வேறு என்ன இருக்கிறது? எதை விடட்டும்? சுவாமி, கேட்டால் சொல்லக்கூடாதா?

பிப்ரவரி 14, திங்கள்

மூக்காயிக்கு எங்கள் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் குடிசை. எங்கள் வீட்டில் நெல் குத்துவாள், மாடு பார்ப்பாள். இன்று தொழுவத்தில் அவளிடம் கேட்டேன்.

"மூக்காயி, நீயாவது சொல்லு. ஆத்தாவுக்கு என்னதான் பிடிக்கும்?"

"எனக்கென்னங்கய்யா தெரியும்?" என்று திரும்பிக்கொண்டாள். சாணி அள்ளினாள். அள்ளிய இடத்திலேயே மறுபடியும் அள்ளினாள்.

"அவ செத்துப் போயிருவா மூக்காயி."

கூடையைக் கீழே வைத்தாள்.

"கருவாடுங்கய்யா."

எனக்கு விளங்கவில்லை.

"சந்தைக்கு மறுநா நம்ம குடிசைக்கு வரும். நீங்க பத்து மணிக்குப் பள்ளிக்கூடம் கெளம்புனதும் வேலியத் தாண்டி வந்துரும். கேப்பைக் கூழும் சுட்ட கருவாடும். ஆத்தா பொறந்தது கடக்கரையில்லீங்களா?"

"எத்தனை நாளா?"

"எம் மவ கைப்புள்ளையா இருந்தப்பலேருந்து. அவளுக்கே இப்ப நாலு புள்ளைக."

"என் வேண்டுதல்…"

"நானும் கேட்டேங்க. 'எங்க வாத்தியாரு அவரு வீட்டுல வேகாதுன்னுதான வேண்டிக்கிட்டாரு? ஒன் வீட்டுலயும் வேகக்கூடாதுன்னா வேண்டிக்கிட்டாரு?'ன்னு என்னையே திருப்பிக் கேட்டுச்சு."

முதலில் கோபம்தான் வந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். மூக்காயி வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

பிறகு அவள் சொன்னாள்: "நீங்க வேலை முடிஞ்சு வீட்டோட ஒக்காந்ததுலேருந்து ஆத்தா வரல. எட்டு மாசமாச்சு."

நான் ஓய்வு பெற்றது ஜூன் மாதம். காய்ச்சல் வந்தது ஜனவரியில். அப்படியானால் அவள் பட்டினி தொடங்கியது எப்போது?

பிப்ரவரி 16, புதன்

அரை டம்ளர் மோர்.

வேண்டுதலை முறித்தால் அந்த வேண்டுதலால் வந்தவளுக்கு என்ன ஆகும்? முறிக்காவிட்டால் என்ன ஆகும்? இரண்டு கேள்விக்கும் ஒரே விடைதான் வருகிறது. அதை எழுத மாட்டேன்.

பிப்ரவரி 18, வெள்ளி

பாவி நான்.

அன்னவாசலுக்குப் போய் வாளைக் கருவாடு வாங்கினேன். கடைக்காரி ஏற இறங்கப் பார்த்தாள். "என்னங்க வாத்தியாரய்யா, பூனை வளக்குறீங்களா?" ஆமாம் என்றேன். குடைக்குள் மறைத்துக் கொண்டுவந்தேன். கொல்லையில் மூன்று கல்லை வைத்து, புதுச் சட்டியில், புகையில் கண்ணீர் வழிய நானே குழம்பு வைத்தேன். சோற்றில் பிசைந்து கட்டிலருகே கொண்டுபோனேன்.

வாடை பட்டதும் கண்ணைத் திறந்தாள். அந்த ஒரு கணம் அவள் முகம் எப்படி இருந்தது! பத்தொன்பது வயதுச் சொர்ணவல்லி. அடுத்த கணம் பதறிப்போய் எழப் பார்த்தாள்.

"ஐயையோ, வீட்டுக்குள்ளயா? என்ன காரியம் பண்ணிப்புட்டீங்க! யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"எல்லாம் தெரியும். நான் ஒண்ணும் நினைக்கல. சாப்பிடு சொர்ணம்" என்று எதிரில் உட்கார்ந்தேன். ஒரு வாயாவது போகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது.

பிப்ரவரி 19, சனி

விடிந்ததிலிருந்து தண்ணீரும் இல்லை. உதட்டில் துணி நனைத்து வைக்கிறேன். வேண்டுதலும் போயிற்று, வாங்கிவந்த பலனும் இல்லை.

பிப்ரவரி 20, ஞாயிறு

மூக்காயி வந்து என்னைத் தொழுவத்துக்குக் கூப்பிட்டுத் திட்டினாள். இந்த வயதில் ஒருவர் என்னைத் திட்டுவது ஆறுதலாகக்கூட இருந்தது.

"படிச்சவுகளுக்கு இது தெரியாதா? எதுத்தாப்புல ஒக்காந்து வாயையே பாத்துக்கிட்டிருந்தா யாருக்குய்யா எறங்கும்? மாட்டுக்குத் தீனி வச்சாக்கூட அங்கிட்டு நகந்து போயிருவோம்ல?"

"நான் என்ன செய்யணும் சொல்லு."

"நாளைக்குப் பத்து மணிக்குப் பள்ளிக்கூடம் போங்க."

"எனக்கு ஏது பள்ளிக்கூடம்?"

"போங்கன்னா போங்கய்யா. நாலு மணிக்கு முந்தி இங்கிட்டு எட்டிப் பாக்கக்கூடாது. ஆத்தாவ நான் எங்க குடிசைக்குத் தூக்கிட்டுப் போறேன். இப்ப அது என்ன கனம், கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு."

பிப்ரவரி 21, திங்கள்

கோட்டும் தலைப்பாகையும் எடுத்துப் போட்டுக்கொண்டேன். கட்டிலருகே நின்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "வாத்தியார் ஒருத்தர் பட்டாளத்துல சேர்ந்துட்டாராம். கொஞ்ச நாள் என்னை வரச் சொல்றாங்க."

வெகுநேரம் என்னைப் பார்த்தாள். "பித்தான மாத்திப் போட்டுருக்கீங்க" என்றாள். மூன்று நாளுக்குப் பிறகு அவள் பேசிய பேச்சு.

ஊருணிக்கரைப் புளியமரத்தடியில் நாலு மணிவரை உட்கார்ந்திருந்தேன். நான் திரும்பும்போது அவள் உயிர் இருக்குமா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்குச்சட்டியில் கொண்டுபோன தயிர்ச்சோறு இறங்கவில்லை. பரிமாறும் கை இல்லாமல் சாப்பிட எனக்கும் தெரியவில்லை.

வேலியோரம் மூக்காயி மெல்லச் சொன்னாள்: "மூணு மடக்குக் கூழு. கருவாட்ட மோந்து பாத்துட்டு வச்சிருச்சு."

பிப்ரவரி 22, செவ்வாய்

ஐந்து மடக்கு. கருவாட்டில் நகத்தளவு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாளாம்!

பிப்ரவரி 24, வியாழன்

பொறுக்க முடியவில்லை. இரண்டு மணிக்கே திரும்பி, திருடனைப்போல் வேலிக்குப் பின்னால் நின்றேன். குடிசைக்குள் சொர்ணத்தின் குரல். மெலிந்த குரல்தான். ஆனால் அது என்னைப்போல் பேசிக்கொண்டிருந்தது.

"'மூக்காயி, ஓர் உதாரணம் சொல்கிறேன், கேள். ஒரு கூடையில் பத்து மாம்பழம் இருக்கிறது…'"

"போதும் ஆத்தா, சிரிச்சு வயிறு வலிக்குது!"

"அந்தப் பத்தும் அழுகுற வரைக்கும் உதாரணம் முடியாதுடி. அந்த வாலுத் துண்ட இங்கிட்டுத் தள்ளு. நல்லாக் கருகட்டும்னு சொன்னேன்ல?"

"திங்கக்கெழம மோந்து பாத்துட்டு வச்ச வாயா இது!"

நல்லாக் கருக வேண்டுமாம். வால் துண்டு வேண்டுமாம். ஒரு வாயைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தவள், நாக்கைச் சப்புக்கொட்டுவது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, இருமிவிடுவேனோ என்று பயந்து ஊருணிக்கே ஓடினேன். நாலு மணியாக இன்னும் நேரம் இருந்தது.

பிப்ரவரி 27, ஞாயிறு

விடுமுறை என்று வீட்டில் இருந்தேன். என் கையால் கஞ்சி. இரண்டு மடக்கு குடித்துவிட்டு மரியாதையாகப் போதும் என்றாள். நாளை எப்போது விடியும்?

மார்ச் 5, ஞாயிறு

இந்த வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடக்கிறாள். வேலிவரைக்கும் போகிறாளாம். மாடத்திலிருந்த வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்றும் விடுமுறை. காலையில் கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போனேன். எனக்கு முன்னே அங்கே ஒரு மணையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"மணி பத்தாகப் போகுது. நீங்க இன்னும் கெளம்பலையா?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை சொர்ணம்."

கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அந்தப் பட்டாளத்து வாத்தியாருக்கு ஞாயித்துக்கிழமையும் வகுப்பு இருக்குமே?"

அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டோரத்தில் ஏதோ ஒளிந்துகொண்டிருந்தது. நான் ஊருணிக்கரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும்? முதல் நாளே, பித்தானைப் பார்த்தபோதே தெரிந்திருக்குமோ?

"இருக்கும்" என்றேன்.

"அப்ப போய்ட்டு வாங்க" என்று தூக்கையும் குடையையும் கையில் கொடுத்தாள்.

இதை ஊருணிக்கரையில் எழுதுகிறேன். தூக்கைத் திறந்தேன். இன்று உறைந்த தயிர். சோறு இன்னும் கையைச் சுடுகிறது. மேலே வறுத்த பாகல் வற்றல். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றுவிட்டேன். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. நாலு மணிவரை இங்கேதான் இருக்க வேண்டும்.