புறுபுறுப்புக்குப் பின்னால் ஓடிய பாட்டுகள்

என் அன்பு அண்ணை,

நீங்கள் இருக்கிற இடத்தில் குப்பை எடுக்கிறவர்கள் சொன்ன நாளுக்கு வருகிறார்கள் என்று நம்புகிறேன். வராவிட்டால் அந்த இடத்துக்காரரின் பாடு பெரும்பாடுதான்.

நீங்கள் போய் ஒரு வருசம் ஆகப்போகிறது, உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகத்தில் போட ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி உங்கள் மகள் துளசி கேட்டிருக்கிறாள். பண்பின் உறைவிடம், பாசத்தின் சிகரம் என்று தொடங்கலாம். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நீங்கள் அதை வாசித்தால், "ஆரடா இது, எனக்குத் தெரிஞ்ச ஆளோ?" என்று கேட்பீர்கள். அதனால் உங்களுக்கே நேராக எழுதிவிடலாம் என்று இருந்துவிட்டேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. எட்டு மாதமாக அண்ணியிடம் ஒரு பொய் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை உங்களிடமும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் தெருச் செய்தி. இங்கே லண்டனில், குட்மேய்ஸில் உங்கள் வீட்டுக்கு முன்னால் மூன்று முறை தோண்டி மூடிய அதே இடத்தை நான்காம் முறையும் தோண்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் இப்போதும் உங்கள் வாசலை அரைவாசி மறைத்துத்தான் காரை விடுகிறான். குப்பைப் பையைக் கிழிக்கிற நரி இன்னும் வருகிறது. கவுன்சில் புதுசாக இன்னொரு குப்பைத் தொட்டி தந்திருக்கிறது, அதில் எதைப் போடுவதென்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. இதற்கெல்லாம் நீங்கள் இல்லாமல் போய்விட்டீர்களே என்று நினைக்கிறபோது எனக்கு ஏனோ கோபம்தான் முதலில் வருகிறது.

நீங்கள் கடை நடத்திய காலம் முழுக்க உங்கள் புறுபுறுப்பை, அந்த ஓயாத குறைசொல்லலை, அரிசியும் மரக்கறியும் வாங்க வந்த சனம் பங்கிட்டுக்கொண்டது. கடையை விட்ட பிறகு முழுப் பங்கும் என் தலையில் விழுந்தது. காலை ஏழரைக்கு லூயிஷாமில் நான் வயரிங் வேலைக்குப் போக வான் கதவைத் திறந்து ஏறுகிறேன், உங்கள் வொய்ஸ் மெசேஜ் வந்து நிற்கிறது. ஏழு நிமிடம், எட்டு நிமிடம். "டேய் சின்னவன், நேற்று டொக்டரிட்டை போன் எடுத்தனான். நீங்கள் பத்தொன்பதாவது ஆள் எண்டு ஒரு மெசின் சொல்லுது. பத்தொன்பதாவது ஆளின்ர முறை வரேக்கை அவன்ர வருத்தம் தானாச் சுகமாயிடும், அதுதான் அவங்கட வைத்தியம்." பிறகு தண்ணீரைச் சூடாக்க மறுக்கிற பொயிலர். பிறகு பாதி வழியில் இறக்கிவிட்ட பஸ். பிறகு முற்றிப்போன முருங்கைக்காயை விற்றவன்.

இவ்வளவுக்கும் பின்னால் உங்கள் பாட்டு போய்க்கொண்டிருக்கும். அண்ணி சமைக்கிற குசினி ஜன்னல் விளிம்பில் ஸ்பீக்கர், அதில் அந்த நாற்பத்து மூன்று பழைய பாட்டுகள், என்றைக்கும் அதே வரிசையில்.

வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பாட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அண்ணை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் நீங்கள் இளந்தாரியாக இருந்தபோது ஒரு ஒலிப்பதிவுக் கடையில் உங்கள் விருப்பப்படி இரண்டு கசெட்டில் பதிந்து வாங்கியவை அவை. ஜெர்மனிக்கு உங்களோடு வந்தன, அங்கே ஒரு சிநேகிதன் சீடியில் இறக்கித் தந்தான், பிறகு லண்டனில் துளசி போனுக்கு ஏற்றினாள். பெயர் எழுதிய கசெட் மட்டை ஜெர்மனியில் ஏதோ ஒரு அறையில் தவறிப்போனது. துளசிக்குப் பெயர் தெரியாது. அப்பா ஒன்று, அப்பா இரண்டு என்று நாற்பத்து மூன்று வரைக்கும் இலக்கம் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் பாட்டுக்குப் பெயர் கிடையாது, இலக்கம்தான். "எட்டாவதைக் கேட்டா நெஞ்சு கரையும்" என்பீர்கள். அண்ணிக்கு அது மணிக்கூடு. மூன்றாவது முடிய உலை வைக்க வேண்டும், ஏழாவது தொடங்கப் புட்டை இறக்க வேண்டும்.

எனக்கும் பாட்டுக்கும் உள்ள பொருத்தம் உங்களுக்குத் தெரியும். என் காதுக்கு எல்லாம் ஒன்றுதான். நீங்கள் என்னைவிடப் பதினாலு வயது மூப்பு. உங்கள் காலத்துப் பாட்டுகளை நான் அறிந்ததும் இல்லை, கேட்டு வைத்துக்கொண்டதும் இல்லை.

நீங்கள் போன அன்று காலை மெசேஜ் வரவில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை, அண்ணை. ஒரு வீட்டில் மீற்றர் மாற்றிக்கொண்டு நின்றேன். பதினொரு மணிக்குத் துளசி போன் எடுத்து, "சித்தப்பா, அப்பா பஸ் ஸ்ராண்டில விழுந்திட்டார்" என்று அழுதபோதுதான் காலையில் உங்கள் குரல் கேட்காதது நினைவுக்கு வந்தது. அந்த மூன்றரை மணித்தியாலம் நான் நிம்மதியாக வேலை செய்திருக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு துளசி உங்கள் போனைத் துடைத்து வெறுமையாக்கி, ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். நம்மட சனம் செய்கிற வேலைதானே. லண்டனில் ஒருவர் கண்ணை மூடினால் சேர்ட்டும் சப்பாத்தும் போனும் அடுத்த பிளைட்டில் யாரோ ஒரு மருமகனுக்குப் போய்விடும். கொடுக்க முதல் அவள் என்னைக் கேட்டாள்தான். "சித்தப்பா, இதில உங்களுக்கு ஏதும் வேணுமா?" நான் இல்லை என்றேன். ஒரு செக்கன்கூட யோசிக்கவில்லை. பாட்டு வேறெங்காவது இருக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள். வேறெங்கும் இல்லை, கசெட்டும் சீடியும் எப்போதோ தேய்ந்து குப்பைக்குப் போய்விட்டன.

இரண்டு மாதம் கழித்து அண்ணி என்னிடம் கேட்டா. புட்டு ஒரு நாள் வேகாமல் வருகிறது, ஒரு நாள் காய்ந்து வருகிறது என்று சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் கேட்டா. "தம்பி, ஒவ்வொரு நாளும் உங்களுக்குத்தானே அனுப்பினவர். எல்லாப் பாட்டும் பின்னால போகும். அதை எடுத்துத் தாங்கோ. திவசத்தண்டு வீட்டில போட்டுவிட வேணும்."

"ஓம் அண்ணி, எல்லாம் பத்திரமா இருக்கு" என்றேன்.

இல்லை, அண்ணை. போனில் இடமில்லை என்று காட்டும்போதெல்லாம் நான் முதலில் அழித்தது உங்களைத்தான். ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி குடித்துக்கொண்டு, வரிசையாகத் தொட்டு, ஒரேயடியாக அழிப்பேன். நாளைக்கும் வரும்தானே என்ற நினைப்பு. கடைசியாக அழித்த பிறகு வந்தவை பதினொன்று. அந்தப் பதினொன்றுதான் மிச்சம்.

அதன் பிறகு போகிற நேரமெல்லாம் ஒரு சாட்டு. வேலை கூடிப்போனது, கம்ப்யூட்டர் பழுது, வயர் காணவில்லை. அண்ணி ஒரு முறையும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். பாட்டைக் கண்டுபிடிக்கிற ஆப் ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டு, பதினொன்றில் ஒன்றை மட்டும் துளசிக்கு அனுப்பிப் பார்த்தேன். மற்றவை அழிந்த கதையை அவளிடமும் சொல்லவில்லை. அவள் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, ஆப்புக்குப் பாட்டு விளங்குதில்லை. அப்பான்ர வொய்ஸ் குறுக்க வருது" என்றாள். குரலை வெட்டி எடுத்தால் பாட்டு வருமாம், வெட்டவா என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அண்ணி முணுமுணுத்த சில மெட்டுகளை வைத்து இன்டர்நெட்டில் தேடி நாலைந்து பாட்டு பிடித்தோம். அண்ணி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினா. "பாட்டு இதுதான். ஆனால் இதில்லை" என்றா. உங்கள் கசெட்டில் ஒரு பாட்டின் நடுவில் நாடா சிக்கி இழுபட்ட ஒரு இடம் இருக்குமாமே. அந்த இழுவை இல்லாத பாட்டு அவவுக்கு வேறு யாரோ வீட்டுப் பாட்டுதான்.

போன ஞாயிறு எப்படியும் சொல்லிவிடுவது என்று புறப்பட்டேன். பிளாக்வால் சுரங்கப் பாதையில் வாகன நெரிசலில் முக்கால் மணித்தியாலம் நின்றேன், திரும்பிப்போக ஒரு வழியிருந்தால் திரும்பியிருப்பேன். அண்ணி மேசையைத் துடைத்து, நடுவில் உங்கள் ஸ்பீக்கரை வைத்து, அதன் வயரையும் செருகிவிட்டுக் காத்திருந்தா. நான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் நின்றே சொல்லிவிட்டேன். "அண்ணி, நான் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன். பதினொண்டுதான் இருக்கு."

அண்ணி கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தா. "பறவாயில்லை எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை, தம்பி" என்றா. பிறகு, "இருக்கிறதைப் போடுங்கோ" என்றா.

முதலாவது மெசேஜை அழுத்தினேன். பாதி நிமிடம்கூட ஆகவில்லை, அண்ணி கையை நீட்டி நிறுத்தச் சொன்னா. "ஏன் இவர் இப்பிடி ஓடி ஓடிக் கதைக்கிறார்? ஆரும் துரத்தினவையோ?"

உங்களுக்கும் இது தெரியாது. உங்கள் மெசேஜை நான் என்றைக்கும் இரண்டு மடங்கு வேகத்தில் வைத்துத்தான் கேட்டேன். எட்டு நிமிடம் நாலு நிமிடமாகும். அந்த நாலிலும் முதல் ஒன்றைத்தான் கேட்பேன், மிச்சத்துக்குள் யாராவது வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். என் போன் அந்த வேகத்திலேயே பழகி நின்றது. அண்ணிக்கு அதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நான் வேகத்தைக் குறைத்தேன்.

நீங்கள் இவ்வளவு ஆறுதலாக, நிதானமாகக் கதைக்கிற ஆள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. ஒரு முறைப்பாட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் நிறுத்துகிறீர்கள். அந்த இடைவெளியில் பாட்டு மேலே வருகிறது. நீங்களும் கேட்கிறீர்கள், மூச்சுச் சத்தம் விளங்குகிறது. பிறகுதான் நரியிடம் வருகிறீர்கள். என் காதில் அந்த இடைவெளிகள் ஒரு நாளும் விழுந்ததில்லை. நெஞ்சு நோகிறது, களைக்கிறது என்று ஏதும் சொல்லி, நான் கேட்காமல் விட்டிருப்பேனோ என்று ஒவ்வொன்றுக்கும் பயந்து பயந்து இருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. நரியும் பொயிலரும்தான்.

ஐந்தாவது மெசேஜில், ஆறு நிமிடம் தாண்டின பிறகு, பொயிலர்க்காரனைத் திட்டிக்கொண்டு வந்தவர் நிறுத்தினீர்கள். சிரிக்கிற குரலில் சொன்னீர்கள்: "டேய் சின்னவன், நீ இது வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தியெண்டா, இப்ப பின்னால போறது எத்தினையாவது எண்டு சொல்லு பாப்பம்."

பிறகு கதைக்காமல் இருந்தீர்கள். பாட்டு மட்டும் போனது. ஒரு நிமிடத்துக்குக் கிட்ட எனக்காக விட்டிருக்கிறீர்கள்.

"பதினாலு" என்றா அண்ணி, போனைப் பார்த்து.

போனில் அந்த மெசேஜுக்குக் கீழே, அன்றைக்கு நான் அனுப்பிய பதில் இருந்தது. ஒரு கட்டைவிரல். மேலே தூக்கின மஞ்சள் கட்டைவிரல்.

"இதென்ன?" என்று கேட்டா.

"நான் அனுப்பினது, அண்ணி."

அடுத்த நாள் மெசேஜில் நீங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. குப்பைத் தொட்டியில் தொடங்கி, பஸ்ஸுக்குப் போய், எட்டு நிமிடம் கதைத்திருக்கிறீர்கள். நான் கேட்பதில்லை என்று தெரிந்துகொண்டுதான் அதற்குப் பிறகும் ஆறு நாள் அனுப்பினீர்களா? அல்லது அதற்கு முதலே தெரியுமா? எத்தனை காலமாகத் தெரியும்? யாரைக் கேட்பேன்?

அண்ணி என் போனைத் திருப்பித் தரவில்லை. "இது இஞ்ச இருக்கட்டும்" என்றா. மெசேஜ் பைலை மட்டும் எடுத்து வேறொரு போனில் போடலாம், அம்மா, என்று துளசி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அண்ணி அசையவில்லை. ஒரு கிழமையாக என்னிடம் போன் இல்லை. வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் அண்ணியோடு கதைக்கிறார்களாம், அவ அவர்களிடம் தொட்டியைப் பற்றிச் சொல்கிறாவாம். நான் இதைத் துளசியின் பழைய கொப்பியில் பேனையால் எழுதுகிறேன்.

திவசத்தன்று நாற்பத்து மூன்றும் ஒலிக்காது. பதினொரு மெசேஜும், வெட்டாமல், உங்கள் புறுபுறுப்போடு ஒலிக்கும். ஐயர் என்ன நினைத்தாலும் சரி. மிச்சம் போனது போனதுதான், அதை என்னால் திருப்பித் தர ஏலாது. அண்ணிக்கு நினைவில் நிற்கிற மெட்டுகளை ஞாயிறுதோறும் போயிருந்து கேட்பேன், அவ சொல்கிற வேகத்தில், அவ முடிக்கும் வரைக்கும். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. என் காதுக்கு அவை இனியும் ஒன்றுபோலத்தான் கேட்கும் என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் எழும்ப மாட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு நான் அனுப்பியிருக்க வேண்டிய பதிலையும் இங்கே எழுதிவிடுகிறேன். தெரியாது, அண்ணை. நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

உங்கள் ஒரே தம்பி,
சின்னவன்