நடு எஞ்சினுக்கு மேல

இல்ல ராத்தா, ஒந் தம்பி சோம்பேறித்தனம் புடிச்சு ரூம்ல படுத்துக் கெடக்கல. மச்சான் ஒங்கிட்ட அப்படித்தான் சொல்லிருப்பாக. வேலைய நா விடல, அவுகதான் என்னை பிளேன் கட்டுற ஷெட்டுக்குள்ள வராதன்னாக.

சலாம் சொல்லாமலே ஆரம்பிச்சுட்டேன், அஸ்ஸலாமு அலைக்கும். ஒம் மக ஹிஃப்ஸா பல்லு விழுந்த போட்டோ பாத்தேன், அப்படியே அவ வாப்பா சிரிப்பு. ஒம் புருஷன் என் போனை எடுக்குறதே இல்ல. சோஹார்ல மட்டுமில்ல, ஓமான் பூரா வாட்ஸப் காலும் போகாது, அதான் டைப் அடிக்கிறேன். பாதியில விட்டுறாம முழுசா படி.

நாங்க கட்டுற பிளேன் நூறு வருஷத்துக்கு முந்தி இத்தாலிக்காரன் குண்டு போட ஓட்டுனது. காப்ரோனின்னு பேரு. எங்க மொதலாளி அர்பாப் அவரு சொந்த மியூசியத்துக்கு அதே சைஸுல ஒண்ணு கேட்டாரு. ரெண்டு அடுக்கு ரெக்கை, மரச்சட்டத்து மேல துணி, மூணு எஞ்சின். அந்தக் காலத்துல மொதல்ல மூணு எஞ்சினையும் நடுப்பெட்டிக்குள்ளயே வச்சு, ரெக்கையோரத்து ப்ரொப்பெல்லர் ஃபேனுக்குத் தண்டு குடுத்து சுத்த வைக்கலாம்னு பாத்திருக்கான். சரிப்படல. அப்புறம் ரெண்ட எடுத்து இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு முன்னாடி மாட்டிட்டான். நடு எஞ்சின் மட்டும் பின்பக்கம் பாத்து நின்னு தள்ளும். அது வரைக்கும் புத்திசாலி. பின்னாடி வர்ற எதிரிய சுடுறதுக்கு, அந்த நடு எஞ்சினுக்கு மேலயே ஒரு கம்பிக் கூண்டு வச்சு ஒரு ஆளை நிக்க வச்சான் பாரு, அதுதான் கூத்து. காலுக்குக் கீழ எஞ்சின் கொதிக்கும், கைக்கெட்டுற தூரத்துல ஃபேன் சுத்தும். ஏரோநாட்டிகல் காலேஜ பாதியில விட்டவன்தான் நா. அதுக்காக அங்க மனுஷன் நிக்கக்கூடாதுன்னு கூடவா தெரியாது?

சும்மா பார்வைக்கு நிக்கிற பிளேன்னு சொல்லித்தான் என்னைக் கூட்டியாந்தாக. அப்ப எதுக்கு நெசம் எஞ்சின் வந்து எறங்குது? அப்பவே எனக்கு ஒதைச்சுது. ஹைதராபாத்து மேனேஜர் ஹசன் அலிட்ட கேட்டேன். மாஃபி முஷ்கில் பாய், ஒண்ணும் பிரச்சனையில்ல, பறக்காது, விருந்தாளிங்க வர்றப்ப தரையில வச்சு எஞ்சினை ஓட்டிக் காட்டுவோம், கூண்டுல பொம்மைதான் நிக்கும்னான். துணிக்கடை பொம்மை ஒண்ணு வந்துச்சு. அதுக்குப் பட்டாளத்துக் கோட்டு, தொப்பி எல்லாம் மாட்டுனோம்.

போன வாரம் ட்ரையல். மூணு எஞ்சினும் ஒண்ணா ஓடுனதும் கூண்டு நடுங்குச்சு பாரு, பொம்மை சாஞ்சு ஒரு கை ஃபேனுக்குள்ள போச்சு. தூள் தூளாயிருச்சு. நாங்க எஞ்சினை அணைக்க ஓடுறோம், ஹசன் அலி சிரிக்கிறான். பொம்மைக்குப் புடிச்சுக்கத் தெரியல, மனுஷன்னா புடிச்சுக்குவான்ங்குறான். சொல்லிட்டு என்னையப் பாத்தான், அங்க நாந்தான ஒல்லி. மச்சானும் என்னையப் பாத்துட்டு, கூண்டை நிமிந்து பாத்தாக.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். மச்சினனை வித்துட்டீகளான்னு எல்லாரு முன்னாடியும் கேட்டுட்டேன். அவுக திட்டக்கூட இல்ல, ரூமுக்குப் போன்னாக. மறுநா கேட்டுல வாட்ச்மேன் என்னைத் தடுத்துட்டான். மச்சான் சொல்லி வச்சிருக்காகளாம். சரி, விசாவை கேன்சல் பண்ண வச்சு ஊருக்கு ஏத்திவிடப் போறாகன்னே நெனச்சேன். அவுக போன் பேசுனா கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். ஒண்ணும் சிக்கல.

இன்னைக்கு அவுக டூட்டிக்குப் போனதும் அலமாரியத் தொறந்தேன். கோவப்படாத. உள்ள அந்தப் பட்டாளத்துக் கோட்டு தொங்குது. டெய்லர்கிட்ட குடுத்து வயித்துப் பக்கம் பிரிச்சு அகலமாக்கிருக்கு. எனக்கு வயிறு எங்க இருக்கு ராத்தா? பொம்மைக்கு ஏது தொப்பை?

பெயிண்டர் ஜெயசீலனைப் புடிச்சு உலுக்குனேன், கக்கிட்டான். பசங்க ஒருத்தனும் ஏற வேணாம், கூண்டை வெல்டு அடிச்சவன் நான், நானே நிக்கிறேன்னு மச்சான் மேனேஜர்ட்ட சொல்லிட்டாகளாம். நா உள்ள இருந்தா கத்திக் கலைச்சிருவேன்னுதான் வெளிய தள்ளிருக்காக. எல்லாம் முன்ன சவூதி ஜுபைல்ல சாரம் கட்டுன புத்தி. அங்க சாரம் கட்டுன ஃபோர்மேன்தான் மொதல்ல ஏறிக் குதிச்சுக் காட்டணும், அப்புறம்தான் மத்தவன் கால் வைப்பான்னு ஒங்கிட்டயும் பெருமையடிச்சிருப்பாகள்ல? சாரம் நின்ன எடத்துல நிக்கும். இது ஆடுது. அத அவுக மண்டையில யாரு ஏத்துறது?

மத்தியானமே கோட்டை எடுத்துட்டுப் போயிட்டாக. நா தொழப் போயிருந்த நேரம் பாத்து. இன்னைக்குத்தான் ஓட்டிக் காட்டுறாக, ஷெட்டு முன்னாடி விருந்தாளிங்க வண்டி எல்லாம் வந்து நிக்கிது, மொட்டை மாடியிலேர்ந்து தெரியுது.

நீ ஒடனே சாதா கால் போடு. நீ கூப்புட்டா மட்டும் எங்க இருந்தாலும் எடுப்பாக. ஏறாதீங்கன்னு சொல்லிறாத, சொன்னா ஏறித்தான் தீருவாக. ஹிஃப்ஸா வாப்பாட்ட பேசணும்னு அழுவுறான்னு சொல்லு. அவகிட்டயே போனைக் குடு. பொய்யாச்சேன்னு பாக்காத. சத்தத்துல கேக்கலன்னு கேட்டுக்கு வெளிய வருவாக, அது போதும், மிச்சத்த நா பாத்துக்குறேன். என் பேர மட்டும் எடுத்துறாத. அல்லா ஒங்க மூணு பேரையும் பிரிக்காம வைக்கட்டும்.

ஓரத்து எஞ்சின் ரெண்டும் ஓடுது. நா உள்ள எறங்க, ஷெட்டு பின்சுவத்துல ஜெயசீலன் ஏணி சாத்தி வைக்கிறேன்னான். கூப்புடு ராத்தா, படிச்சது போதும். நடு எஞ்சினையும் போட்டுட்டானுங்க. நா போறேன்.