இது நிற்காது

மார்ச் 4

அடியே பென்சில்,

முப்பத்தொரு வருஷம் கழித்து இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு ரெண்டு நாள் அதையே சுற்றிச் சுற்றி வருவாய் என்று எனக்குத் தெரியும். பிரித்துவிட்டாய் அல்லவா? நல்லது. திட்டுவதற்கு எழுதவில்லை. உன் முகவரியை உன் பழைய அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன். "யாரு, எங்க டைம்டேபிள் அம்மாவா? ரிட்டயர் ஆயிட்டாங்களே" என்றார் போனில் பேசியவர். கணித ஆராய்ச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போன மகராசி, பேருந்துகளுக்கு நேரம் குறித்துக்கொண்டா இருந்தாய்? சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

எனக்கும் இந்த மாதத்தோடு ஓய்வு. அறையைக் காலி செய்கிறேன். நாம் ரெண்டு பேரும் ஆராய்ச்சி மாணவிகளாய் உட்கார்ந்திருந்தோமே, அதே மாடி அறைதான். வேலை கிடைத்ததும் சண்டை போட்டு அதையே வாங்கிக்கொண்டேன். ஜன்னல் இன்னும் முழுசாகச் சாத்தாது. காற்றுக்கு நீ மடித்துச் செருகிய அட்டை அப்படியே இருக்கிறது.

அலமாரியின் அடித்தட்டில் நம் ரஃப் நோட்டுகள் கிடைத்தன. கொடுத்த கட்டளைகளை வரிசையாகச் செய்துகொண்டு போகிற இயந்திரம் என்றைக்காவது வேலையை முடித்து நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா, அதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? அந்த வயசில் பேச எத்தனையோ இருக்க, நாம் இதைத்தான் பேசினோம். "எந்த மிஷினும்மா அது? ஒரு நல்ல மெக்கானிக்கிட்ட காட்டுங்களேன்" என்று டீக்கடைக்காரர் நொந்துகொண்டது ஞாபகம் இருக்கிறதா?

என் முதல் தேற்றத்துக்குப் படிக்கட்டாக நான் வைத்த நான்காம் லெம்மா, அந்தத் துணைத்தேற்றம் இருந்த பக்கமும் கிடைத்தது. அதில் வருகிற இயந்திரம் ஒருநாளும் நிற்காது என்று நிரூபித்துவிட்டு உன்னிடம் படிக்கக் கொடுத்தேன். ஓரத்தில் உன் பென்சில் எழுத்து: 'இது நிற்காது.' இயந்திரம் நிற்காது என்று நீயும் ஒத்துக்கொள்கிறாய் என்று நினைத்தேன். தலைகால் புரியாமல் கருத்தரங்கில் போய்ப் பேசினேன். விருந்தாளியாக வந்த பேராசிரியர் எழுந்து வந்து, பத்தே வரியில், "நிக்குதேம்மா" என்று பலகையில் காட்டிவிட்டுக் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டார். அறுபது பேர் பார்த்தார்கள்.

வராந்தாவில் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "படிச்சேன்னு சொன்னியே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" "சொன்னத நீ எங்க கேட்ட?" என்றாய். எல்லார் முன்னாலும் உன்னைப் புளுகுமூட்டை என்றேன். அடுத்த மாதம் நீ துறையை விட்டே போய்விட்டாய்.

போன செவ்வாய்க்கிழமை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். உன் குறிப்பிலிருந்து ஒரு சின்ன அம்புக்குறி கிளம்புகிறது. இயந்திரத்தின் பெயரைத் தாண்டி, 'ஆகவே' என்ற சொல்லில் போய் முட்டுகிறது. என் வாதம் நிற்காது என்றுதான் நீ எழுதியிருக்கிறாய். சொல்லித்தான் இருக்கிறாய்!

நாற்பது கட்டுரை, பதினொரு ஆராய்ச்சி மாணவர்கள், ஆயுசு முழுக்கத் தர்க்கம் கற்றுக்கொடுத்த சம்பளம். ஓர் அம்புக்குறியைப் படிக்கத் தெரியவில்லை எனக்கு. என்னை மன்னித்துவிடு.

உன்
ரெட்டைச்சுழி


மார்ச் 19

ரெட்டைச்சுழிக்கு,

ரெண்டு நாள் என்றா கணித்தாய்? நான்கு நாள் சுற்றி வந்தேன். "அம்மா, அது என்ன பாம்பா? பிரிச்சுத்தான் பாரேன்" என்று மகள்தான் கையில் திணித்தாள். உன் உச்சந்தலைச் சுழி ரெண்டும் நரைத்துவிட்டதா?

என் வேலையைப் பார்த்துச் சிரிக்காதே. என் வேலையில் எல்லாம் நிற்கும். எங்கே, எத்தனை மணிக்கு என்று பலகையில் எழுதியே மாட்டிவிடுவோம். உங்கள் துறையில் எவராலும் ஆகாத காரியம். ஆனால் உன் கட்டுரைகளை ஒன்று விடாமல் தேடிப் படித்தேன். அந்த லெம்மாவே இல்லாமல் உன் தேற்றத்தை நான்கு வருஷம் மல்லுக்கட்டி வேறு பாதையில் கொண்டுபோய்ச் சேர்த்தாயே, அதைப் படித்த அன்று பணிமனையில், டீசல் வாடைக்கு நடுவில், அழுதேன். என்ன அழகான நிரூபணம்டி அது!

இனி எழுதுவதை உட்கார்ந்து படி.

குறிப்பு எழுதிய மறுநாள் நீ டீக்கடைக்கு ஓடி வந்தாய். "நிக்காதுன்னு நீயே எழுதிட்ட, இனிமே எவன் கேள்வி கேட்பான்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். நீ தப்பாகப் படித்திருக்கிறாய் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கருத்தரங்குக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே இருந்தேன்.

பொறாமைடி. அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது. என் ஆராய்ச்சி ரெண்டு வருஷமாய் ஒரே இடத்தில் நொண்டிக்கொண்டிருந்தது, உன்னுடையது நாலுகால் பாய்ச்சலில் போனது. 'நான்தான் எழுதிவிட்டேனே, படிக்கத் தெரியாதது அவள் பாடு' என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். அந்த வாதமும் நிற்காது. நீ புளுகுமூட்டை என்றபோது அதில் பாதி உண்மை என்று எனக்கு மட்டும் தெரியும். அதற்குப் பிறகு அந்த அறையில் உன் எதிரில் எப்படி உட்காருவது?

இதைச் சொல்லாமல் உன் மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

பென்சில்


மே 28

ரெட்டைச்சுழி,

பத்து வாரம் ஆகிறது. பதில் வந்தால், வந்தது தெரியும். வராவிட்டால், இன்னும் வரவில்லையா, வரவே வராதா என்பதை எத்தனை நாள் காத்திருந்தாலும் சொல்ல முடியாது. இதைச் சொல்லித்தானே நீ பட்டம் வாங்கினாய்? தபால்காரரிடம் புலம்பினேன். "வரலைன்னா வரலம்மா, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். கொடுத்துவைத்த மனுஷர்.

திட்டியாவது எழுது.

பென்சில்


ஜூலை 11

பென்சில்,

கோபம்தான். ஒன்பது நாளும் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தாயேடி, பாவி! உன் கடிதம் வந்த அன்று ஜன்னல் அட்டையைப் பிடுங்கி வீசினேன். நாலு பக்கம் திட்டி எழுதினேன், கிழித்தேன். மறுபடி எழுதினேன், அதையும் கிழித்தேன். அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்த அன்று, குப்பைத்தொட்டிக்குப் பின்னால் கிடந்த அந்த அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். ஏன் என்று கேட்காதே.

இத்தனை வருஷத்தில் என் கட்டுரையைப் படித்தவர்கள் எல்லாரும் 'பிரமாதம்' என்றார்கள். ஒருவர்கூட ஓரத்தில் எதையும் எழுதவில்லை. ஆனால் ஒவ்வொரு 'ஆகவே' எழுதும்போதும், இங்கே உன் பென்சில் வந்து உட்காருமா என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன். உன்னை வெறுத்துக்கொண்டிருந்த காலத்திலும் உனக்குத்தான் நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை. அதற்குப் பதிலாக இத்துடன் பதினான்கு பக்கம் வைத்திருக்கிறேன். என் கடைசித் தேற்றமாக இருக்கலாம். இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. ஓரத்தில் நாலு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன்.

ரெட்டைச்சுழி


ஆகஸ்ட் 3

அடியே ரெட்டைச்சுழி,

மூன்று முறை படித்தேன். துருப்பிடித்த மூளை, ரொம்பவே மூச்சு வாங்கியது. எட்டாம் பக்கம் வரை ஜம்மென்று போகிறது. ஒன்பதாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி, 'ஆகவே': இது நிற்காது.

இயந்திரத்தைச் சொல்லவில்லை. உன் வாதத்தைச் சொல்கிறேன். அப்படி ஓர் எண் இருக்கிறது என்று காட்டிவிட்டாய், அதைத் தேடி எடுத்துத் தர ஒரு வழி உண்டு என்று காட்டவில்லை. இருப்பது வேறு, கைக்குக் கிடைப்பது வேறு. அம்புக்குறி போட்டிருக்கிறேன். அதன் கீழே முழு வாக்கியமாகவும் எழுதியிருக்கிறேன். இதற்கு வேறு அர்த்தம் ஏதாவது வருகிறதா என்று மகளிடமும் காட்டிவிட்டேன். "ரெண்டு பேருக்கும் கிறுக்கு" என்ற ஓர் அர்த்தம் மட்டும்தான் வருகிறதாம்.

சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது என்று தோன்றுகிறது. கடிதத்தில் எழுதினால் நீ தப்பாகப் படிப்பாய். அடுத்த ஞாயிறு நேரில் வா, அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு வா, எங்கள் வீட்டு ஜன்னலும் சாத்தாது. உன் ஊரிலிருந்து காலை ஏழு பத்துக்கு 47ஆம் எண் பேருந்து கிளம்புகிறது. எங்கள் தெருமுனையில் நிறுத்தம் கிடையாது என்று நடத்துனர் சொல்லுவார், நம்பாதே. அட்டவணை போட்டவள் நான். இந்த ஒன்றை மட்டும் என்னால் முன்கூட்டியே சொல்ல முடியும். பத்து இருபதுக்கு, நான் குடையோடு காத்திருக்கிற இடத்தில், அது நிற்கும்.

உன்
பென்சில்