பாதிக் கூடாரம்

ஜூலை 6, கோர்த்தே

சமையல் தராசு இரண்டு நாளாக ஓர்சுவின் கையில்தான். பல் துலக்கும் பிரஷ்ஷைப் பாதியாக அறுத்துவிட்டான். என் சீப்பையும் கேட்டான். கொடுக்கவில்லை. கோர்சிகாத் தீவின் குறுக்கே மற்றவர்கள் இரண்டு வாரம் நடக்கிற மலைப்பாதையை நாங்கள் ஓட்டமும் நடையுமாக ஒரே வாரத்தில் முடிக்கப் போகிறோம். அதற்கு முதுகில் ஒன்றும் இருக்கக் கூடாதாம். இந்த நாட்குறிப்பையும் நிறுத்துப் பார்த்தான்.

"இது எதுக்கு லிசாந்த்ரா, தண்டக் கனம்?"

"புருஷனத் திட்டி எழுத ஒரு எடம் வேணாமா?"

பாரம் பாதிப் பாதி. கூடாரத் துணி என்னிடம், அதை நிறுத்தும் குச்சிகள் அவனிடம். அடுப்பு அவனிடம், எரிவாயுக் குப்பி என்னிடம்.

இன்னொரு ஒப்பந்தமும் உண்டு. பாதை முடிகிற கொன்காவை அடையும்வரை மார்செய் பேச்சை எடுக்கக் கூடாது. அங்கே துறைமுகத்தில் அவனை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் போனால் நானும் என் மருந்துக்கடையை விட்டுவிட்டுக் கடல் தாண்ட வேண்டும். முடியுமா என்னால்? தெரியவில்லை. அவன் இல்லாமல் இருக்க முடியுமா? அதுவும் தெரியவில்லை.

ஜூலை 8

கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. காலை முழுக்கச் சங்கிலியைப் பிடித்துப் பாறை ஏற்றம். இரண்டு ஜெர்மன்காரர்களை முந்தினோம். அற்ப சந்தோஷம்.

ஜூலை 9

ஓர்சுவின் முழங்கால் வீங்கியிருக்கிறது. ஒன்றுமில்லை என்கிறான். இறக்கத்தில் பார்த்தாலே தெரிகிறது.

ஜூலை 10, ஒந்தா

நள்ளிரவு தாண்டிவிட்டது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பெத்ரா பியானா விடுதியில் மதியம் ரொட்டி தின்றுகொண்டிருக்கும்போது சொல்கிறான்: "மார்செய்க்கு வரேன்னு அவங்ககிட்ட போன வாரமே சொல்லிட்டேன்."

போன வாரமே! என் சீப்பைத் தராசில் வைக்கப் பார்த்த அதே வாரம். பிறகு எதற்கு ஒப்பந்தம், எதற்குக் கொன்கா?

அங்கிருந்து, இரவு தங்க வேண்டிய ஒந்தாவுக்கு இரண்டு வழி. அவன் முழங்காலுக்காகப் பள்ளத்தாக்கு வழியாகப் போவதாக இருந்தோம். நான் அவனை விட்டுவிட்டு மலைமுகட்டு வழியில் ஏறிவிட்டேன். ஜூலையில் மதியத்துக்கு மேல் முகட்டில் இடி விழும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். எனக்குத்தான் மறந்துவிட்டது. பாதி வழியில் இடி, ஆலங்கட்டி. பாறை இடுக்கில் குந்தி அழுதேன். கொஞ்சம் விட்டதும் ஓடினேன்.

ஒந்தாவில் அவன் இல்லை. விடுதியில் படுக்கை எல்லாம் நிரம்பிவிட்டது. கூடாரத்தை விரித்தேன் — குச்சி இல்லை. விடுதிக்காரர் ரோக்கு பார்த்துவிட்டார்.

"துணியப் போத்திக்கிட்டுப் படும்மா. புருஷன எங்க தொலைச்ச?"

பள்ளத்தாக்கு வழியாக வருகிறான் என்றேன். அந்த வழியாக வந்தவர்கள் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. பள்ளத்தாக்குப் பாதை முனைவரை மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இருட்டுகிற நேரத்தில் முகட்டு வழியிலிருந்து நொண்டிக்கொண்டே இறங்கினான். முதுகில் அலுமினியக் குச்சிகள்.

"இடி விழுறப்ப இந்தக் குச்சியக் கட்டிக்கிட்டு முகட்டுலயா வருவ? மூளை இருக்கா ஒனக்கு?"

"வெறும் துணிய வச்சிக்கிட்டு நீ என்ன பண்ணுவ?"

"சண்டைய அப்பறம் போடுங்க, சூப்பு ஆறுது" என்றார் ரோக்கு.

கோபம் போகவில்லை. அவன் காலை மடியில் எடுத்து வைத்துக் கட்டுப்போட்டேன்.

ஜூலை 11, ரயிலில்

முழங்கால் மடங்கவே இல்லை. பள்ளத்தாக்கில் மெல்ல இறங்கித் தத்தோனில் ரயிலேறினோம். கொன்கா இல்லை. "வருவியா?" என்று ஒரு தடவை கேட்டான். "இப்பக் கேக்காத" என்றேன்.

செப்டம்பர் 2

பாஸ்தியாவில் அவனைக் கப்பலேற்றிவிட்டு வந்தேன். வீடு பெரிதாக இருக்கிறது.

செப்டம்பர் 19

தங்கை கூடாரத்தை இரவல் கேட்டாள். பையைப் பிரித்தால் துணி மட்டும்தான் இருக்கிறது. போன் போட்டேன்.

"குச்சியெல்லாம் எங்க?"

"எங்கிட்டதான். பாரம் பாதிப் பாதின்னுதான பேச்சு?"

"மார்செய்ல அத வச்சி என்ன பண்ணுற?"

"ஒண்ணும் பண்ண முடியல."

திட்டிவிட்டு வைத்தேன். தங்கையிடம் கூடாரம் கிழிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். கடையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளிடம் சொல்லியாயிற்று. ஒரு வாரத்துக்குத்தான். வெள்ளிக்கிழமைக் கப்பலில் இடம் கிடைத்தது. துணியை மடித்துப் பையில் வைத்தேன். சீப்பையும்.