கிழிந்த எட்டுப் பக்கங்கள்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து பனி. புசல்லாவை டவுனே தெரியவில்லை. டியூஷன் ஹாட்வெயார் கடை மேல்மாடியில். பெயின்ட் நாற்றம், தலைவலி. ஆறாம் ஆண்டு, பதினேழு பிள்ளைகள், ஒரே ஒரு புத்தகம். சத்தமாக வாசிப்பது என் வேலை.

துப்பறியும் கதை. விடுதியில் சங்கிலி களவு போகிறது, எல்லாரும் சமையல்காரியைச் சந்தேகிக்கிறார்கள். "யார் எடுத்திருப்பாங்க?" என்று கேட்டேன். ரிஸ்னா கொட்டாவியோடு, "மெனேஜர்தான் மிஸ். நோட்டுல நாலாம் கேள்வியா ஈக்கிதானே. பாடமாக்கியாச்சி."

வகுப்பு நடத்தும் சேர், கதை தொடங்கும் முன்பே கேள்வி-விடை நோட் அடித்துக் கொடுத்துவிட்டாராம். த்தூ. இப்படி விழுங்கிக் கக்கச் சொன்னதால்தான் கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டேன். இங்கேயும் அதே வாந்தி.

கடைசி வாங்கில் தர்ஷினி. தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வரும் பிள்ளை. "ஆளு யாருன்னு தெரியுது மிஸ். எப்படிப் புடிச்சாங்கன்னு நோட்டுல இல்லியே."

புத்தகம் வெளியே போகக்கூடாது என்பது சேரின் சட்டம். அவளிடம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நாளைக்கே கொண்டுவர வேண்டும்.

மார்ச் 4, புதன்

புத்தகம் வந்தது. தர்ஷினி என்னவோ சொல்ல வந்தாள். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். "நாளைக்கு" என்றேன்.

வாங்க வேண்டியது: ஷாம்பு, சிவப்புப் பேனா, பனடோல்.

மார்ச் 5, வியாழன்

இன்றைக்குப் பார்த்துச் சேர் வந்து பின்னால் உட்கார்ந்தார். கடைசி அத்தியாயம். திறந்தால் எட்டுப் பக்கம் இல்லை. கிழித்த ஓரம் மட்டும் பல் பல்லாய்.

"யாரு வீட்டுக்குக் கொண்டு போனது?" பதினாறு தலை தர்ஷினி பக்கம் திரும்பியது.

"நான் கொண்டு போறப்பவே இல்லீங்க சேர்."

"லயத்துல அடுப்புப் பத்த வைக்கக் கடதாசி இல்லியா?"

சிரிப்பு. அவளுடைய பையை மேசையில் கொட்டினார். கொப்பி, ரொட்டி சுற்றிய பேப்பர், ஒரு றிப்பன். "பக்கத்தக் கொண்டு வராம இங்க வராத."

புத்தகத்தைக் கொடுத்தது நான். வாய் திறக்கவில்லை. சேரைப் பார்த்தால் அருவருப்பு என்று எழுத நினைத்தேன். என்னையும் சேர்த்து எழுத வேண்டும்.

நேற்று அவள் சொல்ல வந்தது அதுதான்.

மார்ச் 7, சனி

கண்டி. வெயில். பஸ்ஸில் கம்பளை வரை நின்றே வந்தேன். சேரின் சனிக்கிழமை வகுப்பில் நோட் பங்கிடும் வேலை எனக்கு. அலுமாரியிலிருந்து நோட்டுக் கட்டு ஒன்றை எடுத்தேன். போட்டோகொப்பிகளுக்கு அடியில் மஞ்சள் தாள். 89 முதல் 96. கிழித்த பல்லோடு.

எட்டுப் பக்கம்!

வகுப்பு முடிந்ததும் நீட்டினேன். பார்த்தார். முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"ஆ, இது. மெசின்ல புத்தகம் விரியல்ல, கிழிச்சிட்டேன். போன மாசம். மறந்தே போச்சி."

"தர்ஷினி?"

"வரச் சொல்லுங்க. ஆனா வகுப்புல இதப் பத்திக் கதைக்க வேணாம், விளங்குதா? பெற்றோர் காதுக்குப் போனா எனக்குத்தான் கெட்ட பேர்."

ஒரு கோப்பை ரீ வாங்கித் தந்தார். குடித்தேன். பக்கங்களை என் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

தூறல். தர்ஷினியின் அம்மாவுக்கு நேற்றே போன் கோல் எடுத்து, பிள்ளையை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஹாட்வெயார் கடை வாசலில் குடையில்லாமல் நின்றாள். மேலே ஏறவில்லை. எட்டுப் பக்கத்தையும் கையில் கொடுத்து, எங்கே கிடைத்தது என்று சொன்னேன். அங்கேயே நின்று வாசித்தாள். பெயின்ட் வாளி தூக்குகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். நகரவில்லை.

"எப்படிப் புடிச்சாங்கன்னு தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது மிஸ். கடைசியில எல்லாரும் கேக் சாப்பிடுறாங்க. அந்தச் சமையக்காரம்மாகிட்ட ஒருத்தரும் மன்னிப்புக் கேக்கலியே?"

வாங்கிப் புரட்டினேன். 96 வரை. உண்மைதான். இத்தனை வகுப்புக்கு நோட் அடித்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் இந்தக் கேள்வி வரவில்லை. எனக்கும்தான்.

"மன்னிச்சிக்க தர்ஷினி. புத்தகத்தக் குடுத்தது நான்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

என்னையே பார்த்தாள்.

"இங்க சொல்லி என்னா மிஸ்? மேல வந்து சொல்லுங்க."

பதினாலு படி. அவள் முன்னால், நான் பின்னால். சேர் கதிரையில் இருந்தார். பிள்ளைகள் நாலாம் கேள்வியை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பக்கங்களை மேசையில் வைத்துச் சொன்னேன். புத்தகம் கொடுத்தது யார், கிழித்தது யார், இரண்டும். மன்னிப்பும் கேட்டேன், எல்லாரும் கேட்க.

ரிஸ்னா சேரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப சேர், நீங்க மன்னிப்புக் கேக்க இல்லியா?"

சேர் என்னைத்தான் பார்த்தார். நாளையிலிருந்து வர வேண்டாமாம்.

வாங்கிய சிவப்புப் பேனா வீண்.