தூக்காத கட்டைவிரல்

ஜூன் 4, புதன்

நாளைய வகுப்புக்கு நீலச் சட்டை என்று இன்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கூட்டத்தில் கலந்துகொண்டவர்கள்: நான். ஆம்புலன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு இனி வாரத்தில் வியாழன் மட்டுமே கிழமை, மற்றவை இடைவெளி. பதினொன்றாம் வகுப்புக்கு உயிர்காக்கும் முதலுதவி சொல்லித்தரப் போகிறேன். மொத்தம் ஏழு வியாழன்கள்.

ஜூன் 5, வியாழன்

நெஞ்சை அழுத்திப் பழக ரப்பர் பொம்மை இருக்கிறது. ஆனால் அதன் தோளைத் தட்டி நலம் விசாரிக்கச் சொன்னால் சிரிக்கிறார்கள். அதற்கு மட்டும் அடுத்த வாரம் நானே தரையில் படுப்பேன். விதி: கட்டைவிரலைத் தூக்கினால் நடிப்பு, பொம்மைக்குப் போய்விடலாம். தூக்காவிட்டால் நிஜம்.

"நிஜம்னா என்ன சார் பண்ணணும்?" என்றாள் எதற்கும் குறுக்குக் கேள்வி கேட்கும் பெண். வகுப்பில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

"என்னையே அழுத்தணும்மா. யோசிச்சிட்டு நிக்கக் கூடாது."

"அப்புறம் திட்டக் கூடாது சார்."

ஜூன் 8, ஞாயிறு

எண் மாறி எனக்கு ஓர் அழைப்பு வந்தது. நான்கு நிமிடம் பேசினோம்.

ஜூன் 12, வியாழன்

படுத்தேன். வக்கீல் மண்டியிட்டுத் தோளைத் தட்டினாள். "சார், கேக்குதா? நல்லா இருக்கீங்களா?"

விரலைத் தூக்கியிருக்க வேண்டும். கடைசியாக என்னைத் தொட்டவர் முடிவெட்டுபவர், அதுவும் ஏப்ரலில். இன்னொரு தடவை கேக்கட்டுமே என்று — அறுபத்திரண்டு வயசுல என்ன மடத்தனம் இது? — மூச்சையும் அடக்கிக்கொண்டு கிடந்தேன். கேட்டாள். மூன்றாம் முறை குரல் நடுங்கியது.

"டேய் நெட்டை, விளையாட்டில்லடா! நீ ஆம்புலன்ஸுக்கு போன் போடு!"

கூட்டத்தைப் பார்த்துக் கத்தாமல் ஒருவரைச் சுட்டிச் சொல்ல வேண்டும். பாடம் அப்படியே.

நான் வாயைத் திறப்பதற்குள் முதல் அழுத்தம் விழுந்தது. ஆழம் ஐந்து சென்டிமீட்டர். குறை சொல்ல இடமில்லை.

ஜூன் 13, வெள்ளி

மருத்துவமனை. நேற்று வந்த வண்டியில் என் பழைய டிரைவர். "என்னண்ணே, வண்டிய விட்டு இருக்க முடியலையா?" என்று வழியெல்லாம் சிரித்தான்.

மாலையில் வக்கீல், அவள் அம்மாவோடு. கண்கள் வீங்கியிருந்தன.

"நூத்துக்கு நூறும்மா" என்றேன்.

"ஏன் சார் விரலைத் தூக்கல?"

தூங்கிவிட்டேன் என்றேன். நம்பவில்லை. வக்கீல் அல்லவா.

ஜூன் 14, சனி

இரண்டு விலா எலும்புகளில் விரிசல். ஆறு வாரம் ஓய்வு. மீதி ஐந்து வகுப்புகளையும் விளையாட்டு ஆசிரியர் எடுக்கிறார்.