காலி ட்யூபில் ஒட்டிய பெயர்

அக்கா,

இன்று காலை லேப்பைப் பெருக்கி, டோக்கன் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது ட்யூப் ஸ்டாண்டுதான். ஒரு சொட்டு ரத்தம் இல்லாத ட்யூப்கள். எல்லாவற்றிலும் ஏற்கெனவே பெயர் ஒட்டியிருந்தது. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் அண்ணன், நேரம் மிச்சமாகட்டும் என்று டோக்கன் வரிசைப்படி ஒட்டி வைத்திருந்தார். நல்ல மனிதர். ஊசி போட்டதே தெரியாத கை. முன்பு நீங்களும் இப்படித்தான் ஒட்டுவீர்கள்.

நான் பத்தாவதோடு நின்று இங்கே டோக்கன் கொடுக்க வந்தபோது, நீங்கள் வேலை பார்த்துக்கொண்டே லேப் மேனேஜ்மென்ட்டில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தீர்கள். சனி, ஞாயிறு செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு வகுப்புக்குப் போவீர்கள். ரத்தம் எடுக்க இவ்வளவு படிப்பு எதற்கு என்று முதலாளி கேட்டார். "எடுக்கறது ரெண்டு நிமிஷ வேலை சார். அது ரிப்போர்ட்டா போறதுக்குள்ள எங்கெங்க தப்பு வரலாம்னுதான் படிப்பே" என்றீர்கள்.

மதியம் ஆள் இல்லாதபோது பாடத்தை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவீர்கள். நான் வாயே திறக்க மாட்டேன். "உன்ன மாரி ஒரு கிளாஸ் கெடச்சா லெக்சரர் வேலைக்கே போயிடுவேன்" என்பீர்கள்.

அந்தத் தாத்தா வந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பல வருடச் சர்க்கரைக்காரர். ரிப்போர்ட்டை ஆட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தார். "நார்மல்னு போட்டுக்கீது பாரும்மா. வர வழியில ஜிலேபி துன்னுட்டுதான் வந்தேன்."

நீங்கள் சிரிக்கவில்லை. "தாத்தா, நேத்து உங்களுக்கு முன்னாடி யாரு உக்காந்தது?"

"மாகறல் புள்ளத்தாச்சிப் பொண்ணு. எனக்குப் பின்னாடி டோக்கன்தான். பட்டினியா கீதே, நீ மொதல்ல போம்மான்னு நான்தான் அனுப்புனேன்."

இருவருக்கும் ஒரே பரிசோதனை, ஒரே சாம்பல் மூடி ட்யூப். ஆள் மாறி உட்கார்ந்தார்கள். ட்யூபில் ஒட்டியிருந்த பெயர் மாறவில்லை.

உடனே என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு மாகறல் போனீர்கள். அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ரிப்போர்ட்டில் சர்க்கரை என்று வந்ததால், வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "ராவுலேர்ந்து சோத்தத் தொடல" என்றாள் அவள் மாமியார். நீங்கள் சுற்றி வளைக்கவில்லை. "தப்பு என் மேல. ரிப்போர்ட் மாறிப்போச்சு. திரும்ப எடுத்துப் பாத்துடலாம்" என்றீர்கள். மாமியார் தெருவே கேட்கும்படி திட்டினாள். திட்டி முடிக்கும்வரை நின்றிருந்தீர்கள். பிறகு ரத்தம் எடுத்தீர்கள். அவளுக்குச் சர்க்கரை இல்லை.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி முகம் கழுவினீர்கள். "புக்குல பேஷண்ட் டோக்கன்படி வருவாங்கன்னு கீது. நம்ம ஊர்ல எவன் டோக்கன்படி உக்காறான்? பாவம் பாத்து எடத்த விட்டுக் குடுத்துக்கினே இருப்பான். அத எவனும் எழுதல." அதையே ப்ராஜெக்ட்டாக எடுத்துக்கொண்டீர்கள்.

அன்றிலிருந்து ஊசியை எடுத்த பிறகுதான் லேபிள். ஆள் நாற்காலியை விட்டு எழுவதற்குள், பெயர் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். பெயர் கேட்கும் வேலையை எனக்குக் கொடுத்தீர்கள். எனக்குக் குரலே எழும்பாது. "ஊசி குத்துனதுக்கே அழாதவங்க, நீ பேர் கேட்டா அழுவாங்களா? சத்தமா கேளு." நீங்கள் இருந்தவரை முனகலாகத்தான் கேட்டேன். நீங்கள் அதைத் திரும்பச் சத்தமாகச் சொல்வீர்கள்.

கடைசி செமஸ்டர். வகுப்புக்காக பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது ஜல்லி லாரி மோதி, அங்கேயே போய்விட்டீர்கள். ப்ராஜெக்ட் பாதியில் நின்றது. லேபிளை ஏன் கடைசியில் ஒட்ட வேண்டும் என்பது இந்த லேப்பில் தெரிந்த ஆள் இப்போது நான் மட்டும்தான். இதையெல்லாம் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே டோக்கன் மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் டோக்கன் ஒரு வயதான அம்மா. அண்ணன் கூப்பிட்டதும் அவர் பக்கத்திலிருந்த கொத்தனாரைப் பார்த்து, "நீ போப்பா. வேலைக்கு நேரமாவுதுல்ல. நானு வூட்லதான கீறேன்" என்றார். கொத்தனார் போய்க் கையை நீட்டினார். அண்ணன் முதல் ட்யூபை எடுத்தார். அதில் அந்த அம்மாவின் பெயர்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா பாப்பா, கூட்டம் நிக்கிது. பேஜார் பண்ணிக்கினு" என்றார் அண்ணன்.

நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "உங்க பேர் இன்னாண்ணே?" என்று கொத்தனாரிடம் கேட்டேன். சொன்னார். அண்ணன் கையிலிருந்த ட்யூபைப் பார்த்தார். அதை ஸ்டாண்டிலேயே திரும்ப வைத்தார்.

நான் ஸ்டாண்டை எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு, லேபிள்களை ஒவ்வொன்றாக உரித்தேன்.